ஊக்கம் ஊறும் இடம்
(பேராக் மண்ணில் பிறமொழி கற்றோரை முன்வைத்து ஒரு திறனாய்வு)

பள்ளிப் பரிசளிப்பு விழாக்களிலும் தேர்வு வழிகாட்டிக் கருத்தரங்குகளிலும் நாம் தவறாது கேட்கும் அறிவுரை ஒன்றுண்டு. மலாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் நம் மாணவர் பின்தங்குவதற்குக் காரணம் ஊக்கக் குறைவே என்பதும், ஊக்கங்கொண்டு முயன்றால் எம்மொழியும் கைவரும் என்பதும் அவ்வறிவுரையின் சாரம். சொல்வோர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கின்றனர். கேட்போரும் தலையசைக்கின்றனர். ஆயினும் விழா முடிந்து மூன்று கிழமைக்குள் அவ்வூக்கம் எங்கே போயிற்று என்று வினவுவார் இல்லை. ஊக்கம் என்பது மனிதனிடம் பிறவியிலேயே அமைந்த ஒன்று போலவும், அஃது இல்லாத மாணவன் குற்றம் புரிந்தவன் போலவும் நாம் பேசிப் பழகிவிட்டோம். இக்கருத்து எத்துணை பொருத்தமுடையது என்பதை, நாம் வாழும் பேராக் மண்ணின் வரலாற்றையும் இந்நாட்டில் எழுந்த சில நூல்களையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான்கு அதிகாரங்கள்

ஊக்கத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் திருக்குறளின் 60ஆம் அதிகாரமாகிய ஊக்கமுடைமையைத் துணைக்கு அழைப்பர். அது தக்கதே. ஆனால் வள்ளுவர் அவ்வதிகாரத்தோடு நிறுத்திவிடவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அதனை அடுத்து 61ஆம் அதிகாரமாக மடியின்மை வருகிறது. 62ஆவது ஆள்வினையுடைமை. 63ஆவது இடுக்கண் அழியாமை. இவ்வைப்புமுறை ஆழ்ந்த பொருளுடையது என்றே கொள்ளத் தோன்றுகிறது. உள்ளம் எழுவது முதல் நிலை. எழுந்த உள்ளம் சோம்பலால் அடங்கிவிடாமல் காப்பது இரண்டாம் நிலை. அதனைச் செயலாக நடத்துவது மூன்றாம் நிலை. செயலில் தோல்வி நேர்ந்தவிடத்து மனம் உடையாதிருப்பது நான்காம் நிலை.

பிறமொழி கற்பவனுக்கு முதல் மூன்று திங்கள் ஊக்கமுடைமையே போதும். புதிய எழுத்தும் புதிய ஓசையும் தாமே இன்பந் தருவன. மூன்றாம் ஆண்டில் அவனுக்கு வேண்டுவதோ இடுக்கண் அழியாமை. பேசினால் பிழைபடும், பிழைபட்டால் பிறர் நகைப்பர், படித்தது மறக்கும், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாது. நம் மேடைகள் 60ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு நூலை மூடிவிடுகின்றன. மாணவனோ 63ஆம் அதிகாரத்தின் வாயிலில் தனியே நிற்கின்றான். அவனை அங்கே தாங்குவது எது என்பதே நாம் காண வேண்டிய வினா.

இரண்டு ஆட்சியர்

பேராக்கின் வரலாறு படித்தோர் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச் என்னும் பெயரை அறிவர். 1874ஆம் ஆண்டு இம்மாநிலத்தின் முதல் பிரிட்டிஷ் ஆட்சியராக வந்த அவர், 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதற்கு முன் இலங்கையில் பல்லாண்டு பணியாற்றியவர் அவர். பேராக்கின் மக்கள் பேசிய மலாய்மொழியை அவர் அறிந்திருக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே ஆட்சி நடத்தினார். அவர் முடிவுக்கு வரி, அடிமைமுறை, அரசுரிமைப் பூசல் எனக் காரணங்கள் பல. மொழியறியாமை ஒன்றே காரணம் என்பது பொருந்தாது. எனினும் எதிரே நிற்பவரின் சொல்லை நேரே கேட்க இயலாதவர் அவர்தம் சினத்தின் அளவையும் அறிய இயலாதவராகிறார் என்பதில் ஐயமில்லை.

1877ஆம் ஆண்டு அப்பதவிக்கு வந்த ஹியூ லோ, லாபுவானில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வாழ்ந்து, மலாய்மொழியைத் தடையின்றிப் பேசப் பழகியவர். மலாய்த் தலைவர்கள் அமர்ந்த மாநில மன்றத்தை அமைத்து, அவர்தம் கருத்தைக் கேட்டு, 1889 வரை அவர் பணியாற்றினார். அவர் வந்த 1877ஆம் ஆண்டில்தான் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அக்கன்றுகளின் வழிவந்த மரங்களே பிற்காலத்தில் நம் முன்னோரை இங்கு அழைத்து வந்தன.

இவ்விருவரையும் ஒப்பிடுங்கால் ஓருண்மை புலப்படும். பர்ச்சுக்கு உழைப்பில் குறைவில்லை. ஆறுகளின் வழியே ஓயாது பயணஞ் செய்தவர் அவர். ஊக்கமுடைமை என்னும் பண்பைப் பொதுவாக நோக்கின் இருவரிடமும் அது இருந்தது. வேறுபாடு, யாரோடு வாழ்ந்து மொழியைப் பெற்றனர் என்பதில் இருந்தது. லோ கற்ற மொழி நூலில் மட்டும் வாழ்ந்த மொழியன்று. மனிதர் நடுவே 30 ஆண்டு புழங்கிய மொழி.

'இங்கே வா' என்னும் தமிழ்

தோட்டங்கள் பெருகியபின், தமிழ் கற்கவேண்டிய தேவை வெள்ளைத் துரைமார்க்கு நேர்ந்தது. பிறமொழி கற்றல் குறித்து நாம் ஆராயும்போது, நம் மொழியைப் பிறர் கற்ற இவ்வரலாற்றை ஒதுக்கிவிடலாகாது. டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பார் 1915ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் பெயர் 'கூலித் தமிழ்'. தேயிலைத் தோட்டங்களிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் தொழிலாளர்க்கு விளங்கும் தமிழ் இது என்று அந்நூலின் தலைப்பே விரித்துரைக்கிறது. இலங்கையின் சின்னத்துரைமார்க்கென வெளிவந்த மற்றொரு கையேட்டின் பெயர் 'இங்கே வா' என்பதாகும்.

இத்தலைப்பு ஒன்றே ஒரு திறனாய்வுக்குப் போதுமானது. தமிழில் ஒருவரை அழைக்க 'வா' என்றும், 'வாரும்' என்றும், 'வாருங்கள்' என்றும் சொற்கள் உண்டு. 'வாங்க' என்பது பேச்சு வழக்கு. இத்தனைச் சொற்களுள் துரைமார்க்கு முதற்பாடமாக வாய்த்தது 'வா' என்பதே. வயதில் மூத்த கங்காணியையும், பேரன் எடுத்த பால்வெட்டுத் தொழிலாளியையும் அந்த ஒற்றைச் சொல்லே அழைத்தது. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடவும், நிறை போடவும், கூலி பிடிக்கவும் எவ்வளவு தமிழ் வேண்டுமோ அவ்வளவே அத்தமிழ்.

இதில் நாம் கருதத்தக்கது அவர்தம் ஆணவம் மட்டுமன்று. அவ்வூக்கத்தின் எல்லையையும் கருதவேண்டும். ஏவல் செய்விப்பதற்காகக் கற்கப்பட்ட மொழி, ஏவல் நிறைவேறியவுடன் நின்றுவிடுகிறது. இருபது ஆண்டு இந்நாட்டில் வாழ்ந்தும், தம்மிடம் வேலை செய்தவரின் தாலாட்டு ஒன்றின் பொருள் அறியாமலே கப்பலேறிய துரைமார் இருந்திருப்பர் எனின் அது வியப்பன்று. தாலாட்டு அவர்தம் பாடத்திட்டத்தில் இல்லை.

பயனும் உறவும்

மொழி கற்றலில் ஊக்கத்தின் இயல்பை ஆராய்ந்த மேலைநாட்டு அறிஞருள் முன்னோடிகள் கனடாவின் ராபர்ட் கார்ட்னரும் வாலஸ் லம்பர்ட்டும் ஆவர். மான்டிரியல் நகரில் பிரெஞ்சு கற்ற ஆங்கில மாணவரை ஆராய்ந்து 1959ஆம் ஆண்டு அவர்கள் கட்டுரை வெளியிட்டனர். 1972ஆம் ஆண்டு அவ்வாய்வுகள் விரிந்து நூலாயின. வேலை, தேர்வு, ஊதியம் ஆகியவற்றைக் கருதிக் கற்பதைப் பயன் நோக்கு எனவும், அம்மொழி பேசும் மக்களோடு நெருங்கி வாழும் விருப்பால் கற்பதை உறவு நோக்கு எனவும் நாம் தமிழில் கூறலாம். மான்டிரியலில் உறவு நோக்கே வலியது எனக் கண்ட அவ்வறிஞர், பிலிப்பைன்ஸ் நாட்டில் ஆங்கிலம் கற்போரை ஆராய்ந்தபோது பயன் நோக்கும் அங்கே வலிமையுடையதாயிருத்தலைக் கண்டனர். ஆதலின் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது எனத் துணிந்து கூறுதற்கு இடமில்லை. வயிற்றுக்காக மொழி கற்பது இழிவன்று.

இதற்குச் சான்று தேடி நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. ஈப்போ நகரின் புந்தோங் வட்டாரத்தில் கச்சான் பூத்தே கம்பம் என்னும் குடியிருப்பு உண்டு. கடலையும் முறுக்கும் வறுத்துப் பொரித்து விற்பது அங்குள்ளோர் தொழில். அவர்தம் முன்னோர் எட்டயபுரத்துப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்பர். ஈப்போ சீனர் கண்டோனியம் பேசுவோர். மலாய்க்காரரிடமும் சீனரிடமும் தமிழரிடமும் கடலை விற்கவேண்டியவர் மூன்று மொழியில் விலை சொல்லவும், பேரம் பேசவும், நலம் உசாவவும் கற்றுக்கொள்கிறார். அவர்க்கு இலக்கண நூல் இல்லை; ஊக்கவுரை ஆற்றுவாரும் இல்லை. ஒவ்வொரு நாளும் அவர் சொல்லும் சொல்லுக்கு எதிரே ஒரு முகம் இருக்கிறது. பிழையாகச் சொன்னால் அம்முகம் சிரிக்கும்; சிரித்தபின் கடலையும் வாங்கும்.

துரையும் பயன் நோக்கினர். கடலை வணிகரும் பயன் நோக்கினர். எனினும் துரையின் தமிழ் நின்றுபோயிற்று. வணிகரின் மொழி வளர்ந்தது. காரணம் யாது? துரைக்கு மறுமொழி தேவைப்படவில்லை. அவர் வேண்டியது கீழ்ப்படிதலே. வணிகர்க்கோ மறுமொழியே வாழ்வு. பயன் நோக்கு, உறவு நோக்கு என்னும் பகுப்பினும், மறுமொழி வேண்டும் கல்வி, மறுமொழி வேண்டாக் கல்வி என்னும் பகுப்பே நமக்கு மிகுதியும் பயன்படும் என்பது என் கருத்து.

புகுமுக வகுப்பு வாசலில்

இனி நம் பிள்ளைகளின் நிலையைக் காண்போம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்தவேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு எழுந்த தோட்டப் பள்ளிகளின் வழியே தமிழ்க்கல்வி இங்கு வேரூன்றியது. விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள், தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தும் போனமையால் இன்று ஏறத்தாழ 530 ஆகியுள்ளன. அவற்றுள் 130க்கும் மேற்பட்டவை பேராக்கில் உள்ளன. இடைநிலைப்பள்ளியில் தமிழ்வழிக் கல்வி இல்லை. ஆறாண்டு தமிழில் பயின்ற பிள்ளை, ஓராண்டுப் புகுமுக வகுப்பைக் கடந்து இடைநிலைப்பள்ளியுள் நுழைவதே நெடுங்கால வழக்கம்.

யானும் அவ்வகுப்பில் பயின்றவன். 1979ஆம் ஆண்டு, சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்திலிருந்து நாங்கள் பதினொருவர் நகரத்துப் பள்ளிக்குச் சென்றோம். முதல் நாள் ஆசிரியர் ஒவ்வொருவரையும் எழுப்பி, தந்தையின் தொழிலை மலாயில் கூறச் சொன்னார். சொல் எனக்குத் தெரியும். தமிழ்ப்பள்ளியில் படித்ததுதான். ஆயினும் எழுந்து நின்றபோது வாய் திறக்கவில்லை. என் உச்சரிப்பை எண்ணி நாணினேனா, தந்தை மரம் வெட்டுபவர் என்பதை எண்ணி நாணினேனா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. அறியாமையால் வாய் மூடியவனும் நாணத்தால் வாய் மூடியவனும் ஆசிரியரின் குறிப்பேட்டில் ஒன்றாகவே பதிவாகின்றனர். ஆண்டு முடிவில் எங்களுள் நால்வர் பள்ளிக்கு வரவில்லை. அவர்களை ஊக்கம் அற்றவர் என்றே ஊரார் பேசினர். ஆறாம் வகுப்பு வரை அந்நால்வரும் என்னினும் நன்கு படித்தவர்கள் என்பதை யான் அறிவேன்.

என்னை நிறுத்தியது என் மன உறுதி என்று கூறிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. அவ்வாண்டின் இடையில் எங்கள் லயத்தில் ஒருவர் இறந்தார். அவர் மனைவியார்க்கு ஊழியர் சேமநிதியிலிருந்து மலாய்மொழியில் ஒரு பாரம் வந்தது. கிராணி ஊரில் இல்லை. "தம்பி பெரிய பள்ளிக்கூடத்துலதானே படிக்குது, படிக்கச் சொல்லுங்க" என்று அவ்வம்மையார் என் தாயாரிடம் வந்து நின்றார். அப்பாரத்தில் 'பெனாமா' என்றொரு சொல். எனக்கு அது புதிது. ஆனால் 'நாமா' என்பது பெயர் என அறிவேன்; நம் நாமம் என்னும் சொல்லும் அதுவும் ஓரினம் என்பதும் நினைவுக்கு வந்தது. பெயர் குறிக்கப்பட்டவர் என்று பொருள் கொண்டு, "அவர் உங்க பெயரை எழுதி வச்சிருக்காரான்னு கேக்குறாங்க பெரியம்மா" என்றேன். மறுநாள் கிராணி வந்து, சரியே என்றார். அன்று முதல் எட்டு வீட்டுக் கடிதங்கள் என்னிடம் வந்தன. வகுப்பில் வாய் திறவாத யான், லயத்தில் மலாய் படித்துக் கூறும் பிள்ளையானேன். தெரியாத சொல்லை மறுநாள் பள்ளியில் கேட்டாக வேண்டும். வீட்டில் ஒருவர் காத்திருக்கிறார். நாணம் அவ்வாறுதான் கரைந்தது.

இந்நிகழ்ச்சியை என் பெருமைக்காகக் கூறவில்லை. அந்நால்வர்க்கும் யாரேனும் ஒரு கடிதம் கொணர்ந்து தந்திருந்தால் அவர்களும் நிலைத்திருக்கக்கூடும் என்பதற்காகவே கூறுகிறேன்.

ஒரு நாவல் கூறும் விலை

மறுமொழி கிடைத்தால் மட்டும் போதுமா? மொழி கற்பவன் அதற்கு ஈடாக எதனைக் கொடுக்கிறான் என்பதும் எண்ணத்தக்கது. இதனை ஆழமாகக் காட்டும் நூல், கெடா மாநிலத்துப் பீடோங்கில் 1942ஆம் ஆண்டு பிறந்து 2020ஆம் ஆண்டு மறைந்த கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' என்னும் நாவல். அது 1981ஆம் ஆண்டு வெளிவந்தது. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி ஆங்கிலப்பள்ளிக்கு மாறும் ரவி என்னும் சிறுவன், ஆங்கிலக் கதைகள் காட்டும் புத்துலகில் மயங்கி, அம்மொழியின் வழியே வறுமையிலிருந்து வெளியேறி, இங்கிலாந்து சென்று ஆசிரியர் பயிற்சி பெற்றுத் திரும்புகிறான். திரும்பியவன் தன் தந்தையோடு பேச இயலாதவனாகிறான். மண்ணில் தமக்கென ஓரிடம் தேடிய தந்தை மனம் பேதலித்து அழிகிறார்.

தேர்வு வழிகாட்டியின் கண்கொண்டு பார்த்தால் ரவி வெற்றி பெற்ற மாணவன். அவன் ஊக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவ்வூக்கம் எதனால் எரிந்தது? தன் வீட்டினின்றும் விலகவேண்டும் என்னும் வேட்கையே அதற்கு நெய்யாயிற்று. ஆசிரியை காட்டிய உலகத்தின் தூய்மைக்கு முன் தன் வீடு அழுக்காகத் தோன்றியது. தன்னை வெறுப்பதால் பிறமொழி விரைந்து கைவரும் என்பதை இந்நாவல் மறைக்கவில்லை. அவ்வாறு கைவந்த மொழியால் தந்தையின் துயரைத் தாங்க இயலவில்லை என்பதையும் அது மறைக்கவில்லை. இதுவே இந்நாவலின் நேர்மை.

மணியத்தின் நாவலில் குறை காண்போர், அவர் தமிழை இழப்பாகவே காட்டினார், ஆற்றலாகக் காட்டவில்லை என்பர். அதில் ஓரளவு உண்மை உண்டு. ரவியின் இரு மொழிகளும் ஓரிடத்தும் கைகோத்து நடப்பதில்லை. ஆயினும் அக்குறை நாவலாசிரியருடையதா, அக்காலப் பள்ளிகளுடையதா என்று கேட்டுப் பார்க்கவேண்டும். வாசலில் தாய்மொழியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்று அழைத்த பள்ளிகள், அத்தகைய கதைகளையே விளைவித்தன.

சிறு கம்பம்

வேறு வழியும் உண்டு என்பதற்குப் பேராக்கே சான்று தருகிறது. தைப்பிங்கை அடுத்த ஆவுலோங்கில் 1972ஆம் ஆண்டு பிறந்த உதயசங்கர் எஸ்பி, மலாய்மொழியில் எழுதிப் பெயர் பெற்ற இந்திய வமிசாவளி எழுத்தாளர். மலாயில் எழுதும் இந்திய எழுத்தாளரை ஒன்று சேர்த்த காவ்யன் அமைப்பை 1999ஆம் ஆண்டு தொடங்கியவரும் அவரே. 1996ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய மலாய்ச் சிறுகதைத் தொகுதி ஒன்றின் பெயர் 'சிறு கம்பம்'.

இத்தலைப்பைத் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் கரும்பலகையில் எழுதி விளக்கலாம். நூல் மலாய்மொழி நூல், தலைப்போ தமிழ். அத்தமிழ்த் தலைப்பிலும் 'கம்பம்' என்பது கம்போங் என்னும் மலாய்ச் சொல்லை நம் தோட்ட மக்கள் தம் நாவுக்கேற்பத் திரித்துக்கொண்டது. நம்மிடம் வந்த மலாய்ச்சொல் தமிழ் உடை உடுத்து, மீண்டும் மலாய் நூலின் முகப்பில் ஏறி அமர்ந்திருக்கிறது. கற்ற மொழியை வணங்கிப் புகுந்த ஏவலாளின் நடையன்று இது. அம்மொழியில் தனக்கும் ஒரு மனை உண்டு என உணர்ந்தவரின் நடை. 'இங்கே வா' என்னும் தலைப்பையும் 'சிறு கம்பம்' என்னும் தலைப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பிறமொழி கற்றலின் இரு எல்லைகளும் விளங்கும்.

அடிகளார் கற்ற தமிழ்

பிறமொழிக்குப் பின் தம் மொழியைக் கற்றவர் ஒருவரையும் இங்கு நினைத்தல் வேண்டும். 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைக்குத் தலைமை தாங்கி, 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெறக் காரணராய் இருந்த தனிநாயகம் அடிகளார், இளமையில் தமிழை ஆழ்ந்து கற்றவர் அல்லர். ஆங்கிலமும் இலத்தீனும் இத்தாலியும் பிறவும் கற்று, உரோமையில் சமயக்கல்வி முடித்து, திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் பள்ளியாசிரியராக வந்தபோதுதான் தம் தமிழ் போதாமையை உணர்ந்தார். முப்பது வயதை நெருங்கிய நிலையில் பண்டிதர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்தார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முறையாகத் தமிழ் பயின்றார்.

அவருக்கு ஊக்கம் தந்தது தேர்வு அன்று. தம் முன் அமர்ந்த மாணவர்கள் தமிழ்ப்பிள்ளைகள் என்பதும், அவர்களோடு பேசத் தக்க மொழி தம்மிடம் இல்லை என்பதும் அவரைத் தூண்டின. பன்மொழி கற்ற பயிற்சி அவர்க்குத் தமிழை எளிதாக்கியது. தமிழ் கற்ற பற்று அவர்தம் பன்மொழியறிவுக்குப் பொருள் தந்தது. ஒரு மொழி மற்றொரு மொழியை வறுமைப்படுத்தும் என்று அஞ்சுவோர் அடிகளார் வாழ்வைப் படித்தல் நலம்.

ஆசிரியர் செய்யத்தக்கன

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவு இதுவே: ஊக்கம் மாணவன் உள்ளத்தில் மட்டும் ஊறுவதன்று, அவனுக்கும் அவன் சொல்லைக் கேட்கக் காத்திருப்பவர்க்கும் இடையே ஊறுவது. அவ்வாறாயின் ஆசிரியர்க்கு மூன்று கடமைகள் உள.

முதலாவது, தாய்மொழியைப் படிக்கட்டாக்குதல். மலாய்மொழியில் வழங்கும் கெடாய் நம் கடை. காப்பால் நம் கப்பல். காத்தில் நம் கட்டில். கோலாம் நம் குளம். பெத்தி நம் பெட்டி. மோடால் நம் முதல். இவற்றை முதல் கிழமையிலேயே கூறினால், அறியாத வீட்டுக்குள் நுழைகிறோம் என்னும் அச்சம் பிள்ளைக்குத் தணியும். தன் பாட்டன்மார் அங்கே முன்பே வந்து போயிருக்கின்றனர் என உணரும்.

இரண்டாவது, நாணத்தைப் பிரித்தறிதல். வாய் திறவாத பிள்ளையைச் சோம்பேறி எனப் பதியுமுன், அவன் அறியாதவனா, நாணுபவனா என்று ஆசிரியர் தனியே அழைத்து அறிதல் வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு.

மூன்றாவது, மறுமொழிக்கு வழி செய்தல். பிள்ளை எழுதும் மலாய்க் கட்டுரை திருத்துவோரின் சிவப்பு மையோடு முடிந்துவிடுதல் கூடாது. அண்டைப் பள்ளி மலாய் மாணவர்க்கு ஒரு மடல், பாட்டியின் மருத்துவமனைச் சீட்டைப் படித்துப் பொருள் கூறல், தமிழ்ச் சிறுகதை ஒன்றை மலாயில் ஒரு பக்கத்தில் சொல்லுதல் என எத்தனையோ உண்டு. தஞ்சோங் மாலிமில் 1922ஆம் ஆண்டு மலாய் ஆசிரியர்க்கென எழுந்த சுல்தான் இத்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, மலாய் மொழி நடையை உருவாக்கிய சாபா பணியாற்றிய இடம். இன்று பல்கலைக்கழகமாக விளங்கும் அங்கே தமிழாசிரியரும் பயிற்சி பெறுகின்றனர். ஒரே நிழலில் அமர்ந்து பயிலும் இரு மொழி ஆசிரியர் தம் மாணவரிடையே மடல் ஒன்று சென்று வர வழி செய்தல் அரிதன்று.

தோட்டத்து லயங்கள் பல இன்று இல்லை. யான் கடிதம் படித்துக் கூறிய எட்டு வீடுகள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. ஆயினும் ஈப்போவின் அடுக்கு வீடுகளிலும் புறநகர்களிலும், பொருள் விளங்காத தாளைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது எனத் தயங்கும் மூதாட்டியர் இன்றும் உளர். வகுப்பில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் பிள்ளைகளும் உளர். இவ்விருவரையும் சந்திக்கச் செய்தால் போதும். ஊக்கவுரை ஆற்றும் வேலை நமக்குப் பெரிதும் குறைந்துவிடும்.